டொக்டர் மாமாவின் பத்தியம்

எங்கள் சந்தில் ஒரு ரேடியோவுக்குக் குரல் கம்மிப்போனால், முதலில் செய்ய வேண்டிய காரியம் அந்தச் சங்கதி டொக்டர் மாமாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா ரேடியோவின் வாயை மூடிவிடுவாள். கரகரத்த பெட்டியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. அவரிடம் எதையும் யாரும் திருத்தக் கொடுத்ததில்லை. அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தேநீர் குடிக்க வந்த மனிதர் பேச்சை நடுவில் நிறுத்துவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார்.

"இது எத்தன நாளா இருமுது?"

"இல்லண்ணே, ஸ்டேசன் சரியில்ல" என்பாள் அம்மா.

"ஸ்டேசன் இருமாதும்மா. இதுதான் இருமுது."

அவ்வளவுதான். தேநீர் முடிகிறபோது ரேடியோ அவர் கக்கத்தில் இருக்கும்.

கண்டி நகரசபையில் தெருவிளக்குப் பகுதியில் அவருக்கு வேலை. ஊரெங்கும் அணைந்துபோன விளக்குகளை எரியவைப்பது நகரசபை உத்தியோகம். எங்கள் குடியிருப்பான மஹய்யாவயில் வாயடைத்துப்போன பெட்டிகளைப் பேசவைப்பது சொந்த உத்தியோகம். முதலாவதற்குச் சம்பளம் இருந்தது. இரண்டாவதற்கு மரியாதை இருப்பதாக அவர் நம்பினார். யாரோ கேலிக்கு அவரை டொக்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, வீட்டில் சாரத்தோடு இருக்கும்போதும் சட்டைப்பையில் மின்சாரம் பார்க்கும் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டார். பெரியவர்களுக்கு அவர் டொக்டர், எங்களுக்கு டொக்டர் மாமா. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் எங்கள் சந்திலேயே பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது, ஆகையால் விட்டுவிடுகிறேன்.

கெட்டிக்காரர் இல்லை என்று அவரைச் சொல்ல முடியாது. கெட்டிக்காரர் என்று சொல்லவும் நாக்கு வராது. அவர் கைபட்ட எதுவும் செத்த நிலையில் திரும்பி வந்ததில்லை, எல்லாம் உயிரோடுதான் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பத்தியத்தோடு வரும். நாட்டு வைத்தியர் மருந்துப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே புளி ஆகாது, மீன் ஆகாது என்று சொல்வாரே, அதே குரலில்தான் சொல்வார்.

"பேசுது. ஆனா குப்புறப் படுக்க வச்சாத்தான் பேசும். நிமித்திடாதீங்க."

இது எங்கள் வீட்டு ரேடியோவுக்கு. அது அலுமாரியின் மேல் முகத்தைப் பலகையில் புதைத்துக்கொண்டு கிடந்தபடியே எங்களுக்குச் செய்தியும் பாட்டும் சொன்னது. பார்க்க வந்தவர்கள் ரேடியோ விழுந்து கிடக்கிறதென்று நினைத்து நிமிர்த்தி வைப்பார்கள். உடனே வாயடைத்துப்போகும். "கை வைக்காதீங்க, அது பத்தியத்துல இருக்கு" என்று அம்மா ஓடி வருவாள்.

சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானா, தன் ரேடியோ செத்துப்போய்விட்டதென்றே முடிவு செய்திருந்தார்.

"என்ன டொக்டர், ஏன்ட ரேடியோ மவுத்தா?"

"மவுத்து இல்ல நானா. மயக்கம். எழுப்பிட்டேன். இரும்பு மேல வச்சாத்தான் தெளிவாப் பேசும். அதுதான் பத்தியம்."

கடையில் தோதான இரும்பு என்று பார்த்தால் தராசுத் தட்டுதான் இருந்தது. ரேடியோ அதன்மேல் குடியேறியது. யாராவது சாமான் கேட்டால் அதை இறக்கிவைத்து நிறுக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துச் செய்தி நின்றுபோகும். நாட்டு நடப்பு சூடாக இருந்த நாட்களில் நானாவின் கடையில் சீனி வாங்குவது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. செய்தி கேட்க நின்ற ஆண்கள் முறைப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பக்கத்து வீட்டுக் கிளார்க்கருடைய கல்குலேட்டர். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது மாமா கொஞ்சங்கூட வெட்கப்படாமல் சொன்னார்: "எல்லா நம்பரும் வேல செய்யுது. ஏழு மட்டும் வராது. ஆறையும் ஒண்ணையும் கூட்டிக்கிட்டா அது தானா வந்துடும்."

கிளார்க்கர் வேலையில் இருந்து ஓய்வு பெறும்வரை ஆறையும் ஒன்றையும் கூட்டிக்கொண்டிருந்தார். வேறொன்று வாங்கியிருக்கலாம். வாங்கினால் மாமா வீட்டுக்கு வந்துவிடுவார் என்ற பயம்.

புதிது வாங்கியவர்கள் வீட்டுக்கு அவர் போவது துக்கம் விசாரிக்கப் போவது போல இருக்கும். கதிரையின் நுனியில் உட்காருவார். புதுப்பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டாச்சுங்க."

"என்ன வியாதின்னு பாத்தீங்களா?"

"இல்ல, அது ரொம்ப நாளாவே..."

"பாக்காமலே தூக்கிட்டீங்க."

தேநீரைத் தொடாமல் எழுந்து போவார். குப்பை வண்டி ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள்தான். அடுத்த வாரமே அந்தப் பழைய பெட்டி தேடி எடுக்கப்பட்டு, திறந்து மூடப்பட்டு, ரப்பர் வளையம் போட்டு, ஒரு பத்தியத்தோடு அதே வீட்டுக்கு வந்து சேரும். தூக்கிப் போட்டவர்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். காசு வாங்காத மனிதரிடம் எப்படி வேண்டாமென்று சொல்வது? அவர் ஏதாவது கூலி கேட்டிருந்தால் எங்கள் சந்து எப்போதோ தப்பித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டு பார்க்கும் டொக்டர் மாதிரி வீடு வீடாக வருவார். வீட்டில் இருக்கும் மனிதர்களை நலம் விசாரிக்கமாட்டார். நேரே அலுமாரிப் பக்கம் போவார். ஏதாவது மறுபடி பேச்சை நிறுத்தியிருந்தால் குற்றம் அவருடையதாக ஒருபோதும் இருந்ததில்லை.

"நிமித்தி வச்சிருப்பீங்க."

"இல்லண்ணே."

"யாரோ வச்சிருக்காங்க. அது பொய் சொல்லாது."

அவருடைய மனைவியை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் பெட்டி பிரித்து எடுத்த ஒரு சாமானையும் அத்தை கண்டதில்லை. குழாயடியில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எனக்கு முழங்கால் வலின்னா, பேராதன ஆஸ்பத்திரிக்குப் போங்கறாரு. ரேடியோவுக்கு இருமல்னா இவருக்குச் சோறு எறங்காது. நானும் பேசறத நிப்பாட்டினாத்தான் என்னத் திரும்பிப் பாப்பாரு போல." சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் புதிதாக ஒரு ரேடியோ வேண்டும் என்ற ஆசை அத்தைக்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் அக்காவின் கல்யாணம் போய்ச் சேர்ந்தது.

அக்கா பன்வில பக்கத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயந்தரம் வருவாள். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டு போவதாக அம்மா நாளும் பொழுதும் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், டவுனில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது, பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் போவதற்கு முன் அக்காவுக்கு ஒரு கைப்போன் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் போன் அது. சந்திலிருந்த எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமாவும் வந்தார். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

ஒரு நாள் அம்மா அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பேராதனையில் இருக்கும் தன் அண்ணனோடு பேசியபடியே அரிசி களைந்தாள். போன் அரிசிச் சட்டிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தோம். ஊமையாகிக் கிடந்தது.

அம்மா நடுங்கிப்போனாள். போன் போனதற்காக அல்ல. மாப்பிள்ளையின் அம்மா குறை தேடுகிற மனுஷி. மெதுவாகப் பேசுவார், சிரித்தபடியே பேசுவார், பேசி முடிந்த பிறகுதான் எங்கே குத்தினார் என்று தெரியும். கொடுத்த சாமானைக் காப்பாற்றத் தெரியாத பெண் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், கல்யாணம் ஆட்டம் கண்டுவிடும். அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த மாதிரி இங்கே வருவதில்லை என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மாமா எங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தார். போன் அவர் சட்டைப்பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததேயில்லை.

ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். மணி அடித்தது, பேச்சு கேட்டது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பத்தியம் சொன்னார்.

"காதுக்குப் பேசற துண்டு அழுகிப்போச்சும்மா. அதுக்கு வர்ற வயர மணி அடிக்கிற ஸ்பீக்கருக்கு இழுத்துட்டேன். அதனால காதுல வைக்காதீங்க, செவிடாயிடும். முன்னால வச்சுப் பேசணும். பெறகு, அந்த ஜன்னல் கட்டைலதான் சிக்னல் நிக்கும். படுக்கப்போட்டுப் பேசுங்க. தூக்கினா கட்டாயிடும்."

எங்கள் ஜன்னல் சந்தைப் பார்த்தது. ஜன்னலுக்கு நேரே பொதுக்குழாய். குழாயில் தண்ணீர் வருவது காலையிலும் சாயந்தரத்திலும். மாப்பிள்ளை பேசுவது அவனுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை, சாயந்தரம்.

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அக்கா ஜன்னலோரம், பாடம் நடத்த நிற்பவள் போல விறைத்து நிற்பாள். வெளியே வாளிகளோடு பெண்கள் வரிசையாக. யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. ஒட்டாமலே நன்றாகக் கேட்டது.

"ஒங்க கொரலக் கேட்டா இங்க வெயிலே தெரியல" என்று கட்டாரிலிருந்து உருகும் அந்தக் குரல், நகரசபை மைக்கில் அறிவிப்பது போலச் சந்து முழுக்க ஒலிக்கும்.

"அப்படிங்களா. தண்ணி நெறய குடிங்க" என்பாள் அக்கா.

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வார்கள்.

"அது என்ன சத்தம்?"

"மழைங்க."

"கண்டியில வெள்ளிக்கெழமையானா மழதானா?"

மாப்பிள்ளைக்கு அவளுடைய அடக்கம் மிகவும் பிடித்துப்போனதாகத் தகவல் வந்தது. எல்லாப் புகழும் தன் பத்தியத்துக்கே என்று மாமா எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச காலந்தான், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அம்மா சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அடிக்கடி போன் எடுப்பார். எதைப் பேசினாலும், "இது நமக்குள்ள இருக்கட்டும் சம்மந்தியம்மா" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். வீட்டில் இருந்த இரண்டு மருமகள்களின் குறைகள் ஒவ்வொன்றாக எங்கள் குழாயடிக்கு வந்து சேர்ந்தன. "மாத்தளையில இருக்க எங்க அக்காகிட்ட மட்டுந்தான் இதெல்லாம் சொல்லுவேன். அவளும் தெனமும் போன் எடுத்து இவளுகளப் பத்தி அவ மனசுல இருக்கறத கொட்டுவா. இப்ப நீங்களும் எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி" என்பார். இப்படியாக எங்கள் சந்தில் உள்ள அத்தனை பேரும் அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஆனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா தன் சுற்று வந்திருந்தார். குப்புறக் கிடந்த ரேடியோவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அம்மா ஜன்னலுக்கு ஓடினாள்.

"சம்மந்தியம்மா, தப்பா நெனக்காதீங்க. இது நமக்குள்ள இருக்கட்டும். கல்யாணப் பத்திரிக அடிக்கறதுக்கு முன்னால சொல்லிடலாம்னுதான். வெலாசத்துல மஹய்யாவன்னு போடவேணாம். பேராதனையில ஒங்க அண்ணன் வீடு இருக்குல்ல, அதப் போட்டுக்கங்க."

அம்மா, "சரிங்க" என்றாள்.

"கல்யாணத்துக்கும் ஒங்க சொந்தக்காரங்க மட்டும் ஒரு வேன்ல வந்தாப் போதும். அந்தத் தெருவுல இருக்கவங்கள எல்லாம் கூட்டிட்டு வராதீங்க. எங்க கடைக்கு வர்ற ஆளுங்க பாத்தா நாலு விதமாக் கேப்பாங்க. பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எடந்தான் அப்படி அமஞ்சிடுச்சு. கல்யாணத்துக்குப் பொறகு அவளும் அங்க அடிக்கடி வந்துபோகாம இருந்தா நல்லது. நமக்குள்ள இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள் அம்மா மறுபடியும்.

எங்கள் பாட்டன்மார் இந்த நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்குவதற்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். அதன் பிறகு எங்களில் ஓவர்சியர், கிளார்க், நர்ஸ், டீச்சர் எல்லாம் வந்துவிட்டார்கள். இருந்தும் மஹய்யாவ என்ற பெயரைக் கேட்டதும் டவுனில் சிலருக்கு மூக்கு தானாகச் சுருங்கும். அது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை இப்படி எல்லோருமாகச் சேர்ந்து நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

 குழாயடியில் ஒரு வாளி நிரம்பி வழிந்துகொண்டேயிருந்தது. அத்தைதான் குனிந்து குழாயை மூடினாள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வாளியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்க்காமல் போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா அழத் தொடங்கினாள். நாங்கள் மூவரும் கடைசியில் மாமாவைப் பார்த்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்:

"இதுக்குப் போயி ஒடஞ்சிடக்கூடாது. பேசற அளவுக்கு இருக்கில்ல? சரி பண்ணிடலாம். வெலாசந்தானே, போட்டுட்டுப் போங்க. நாங்க வராட்டி என்ன? கொஞ்ச நாளைக்குப் பத்தியம்னு நெனச்சுக்க தாயி."

எனக்கு அவர் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கோபப்படவில்லை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"எத்தன நாளைக்கு மாமா?"

"அது... சாமானப் பொறுத்து."

"நீங்க சொன்ன பத்தியம் எதாச்சும் இதுவரைக்கும் முடிஞ்சிருக்கா? இந்த ரேடியோ எத்தன வருசமா குப்புறக் கெடக்கு?"

மாமா ரேடியோப் பக்கம் திரும்பினார்.

"வியாதி அவங்களுக்கு. பத்தியம் நான் இருக்கணுமா மாமா?"

அவர் டெஸ்டரை எடுத்தார், பார்த்தார், மறுபடி பையில் செருகினார். அடுத்த வீடுகளுக்குப் போகாமல் நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் சந்தில் இருமிய பெட்டிகள் நிம்மதியாக இருமின.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று குழாயடியில் கூட்டம் இருக்காது என்று நான் நினைத்தேன். வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மாமாவும் வாளி இல்லாமல் வந்து ஓரமாக நின்றார். போன் அடித்தது.

"என்ன, இன்னிக்கும் மழயா?" என்று சிரித்தது கட்டார்.

"இல்லைங்க. என்னைக்குமே மழ இல்ல. இது கொழாயடி. போன் தண்ணியில விழுந்திடுச்சு. எங்க மாமா ஒருத்தர் சரிபண்ணிக் குடுத்தாரு. அதுல இருந்து நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்கும். இப்பவும் எல்லாரும் நிக்கிறாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"ஒங்க அம்மா வெலாசத்த மாத்தச் சொன்னாங்க. எங்க ஆளுங்கள வரவேணாம்னாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அக்காவின் விரல்கள் ஜன்னல் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. அவன் வேறு மாதிரி ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. குழாயடியில் நின்ற பெண்களுக்கும் பிடித்திருந்தது. அத்தனை வெள்ளிக்கிழமை அவர்களும்தானே கேட்டார்கள்.

"மொதல்ல ஸ்பீக்கர நிப்பாட்டுங்க. காதுல வச்சுப் பேசுங்க, சொல்றேன்."

"இது அப்படிப் பேசாதுங்க" என்றாள் அக்கா. "எதுவானாலும் எல்லாருக்கும் கேக்கத்தான் பேசும்."

குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம்.

"அப்ப... நான் பெறகு எடுக்கறேன்."

அவன் பிறகு எடுக்கவில்லை. சனிக்கிழமை அம்மா தன் அண்ணனை விட்டுச் சொல்லியனுப்பினாள், சம்பந்தம் வேண்டாம் என்று. அக்கா அன்று முழுவதும் சாப்பிடாமல் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். குழாயடிப் பெண்கள் ஆளுக்கொரு கறியோடு வந்து, வைத்துவிட்டுப் போனார்கள்.

மாமாவும் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"போனத் திருப்பிக் குடுக்கத்தானே போறீங்க? ஒரு வாரத்துக்கு என்கிட்ட குடுங்க."

"நல்லபடியா ஆக்கிக் குடுங்கண்ணே" என்றாள் அம்மா. "அவங்க நம்மள ஒரு சொல்லு சொல்லிடக்கூடாது."

"ஆகட்டும்மா."

அடுத்த ஞாயிறு அவரும் நானுமாகத்தான் போனோம். அம்மாவால் முடியாது, அக்காவை அனுப்ப முடியாது. மாமா திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பையில் டெஸ்டர் இல்லை. அது இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

புடவைக்கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு மருமகள்களில் ஒருத்தி தேநீர் கொண்டுவந்தாள், மற்றவள் கதவோரம் நின்றாள். தெருப் பக்கம் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. கீழே கடையில் யாரோ சேலை விலை கேட்பது மேலே தெளிவாகக் கேட்டது. மாமா அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

போனைப் பெட்டியோடு நீட்டினார். அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"புதுசாவே வச்சிருந்திருக்கீங்க. நல்லதாப் போச்சு, நானே வச்சுக்கறேன். என்னோடது பழசாயிடுச்சு. மாத்தளயில இருந்து அக்கா பேசினா ஒண்ணுமே வெளங்க மாட்டேங்குது. இதுல நல்லாக் கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்மா" என்றார் மாமா.

"எங்க வச்சுப் பேசினாலும்?"

"எங்க வச்சுப் பேசினாலும். சிக்னல் கோளாறு இருந்துச்சு, அதச் சரி பண்ணிட்டேன்."

நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிப்போன வார்த்தை. அவர் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்தோம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, பத்தியம் சொல்லலியே?"

"அவங்க கேக்கலியே" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஸ்பீக்கர் சத்தத்த மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன். கடத்தெரு பாரு, எரைச்சல் ஜாஸ்தி."

அந்த மனிதரை எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது. அதுவரை பிடித்ததா என்று எனக்கே தெரியாது.

அக்கா பிறகு தன்னோடு படிப்பிக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பன்விலவிலேயே தங்கிவிட்டாள். பத்திரிகையில் மஹய்யாவ என்று போட்டோம். சந்து முழுவதும் வந்தது. மாமா பரிசாக ஒரு ரேடியோ கொடுத்தார். புதிது அல்ல என்று சொல்ல வேண்டியதில்லை. தலைகீழாக நின்றால்தான் பாடும் என்று மணவறையிலேயே மாப்பிள்ளைக்குப் பத்தியம் சொன்னார். பக்கத்தில் நின்ற அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அத்தைக்குக் கடைசிவரை புது ரேடியோ கிடைக்கவில்லை.

தான் திருத்திய ஒரு பெட்டி எந்த வீட்டில் இருந்தாலும், அவர் கால் நடமாடிய வரைக்கும் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா வீட்டு ரேடியோவைப் பார்க்க பஸ் ஏறி பன்வில வரைக்கும் போவார். டவுனில் புடவைக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒரு நோயாளியை மட்டும் அவர் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.